இக்கரைக் குழாய், அக்கரைக் குழாய்

தமிழ்நாட்டில் குழாய் ஸ்பீக்கர் என்றதும் ஆடி மாதம்தான் நினைவுக்கு வரும். அம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டிய இரண்டு குழாய்களும், விடியுமுன்னே ஊரை எழுப்பும் பாட்டும். காவல்துறை அறிவிப்புகளில் அதன் பெயர் 'கூம்பு வடிவ ஒலிபெருக்கி'. கூடவே 'தடை' என்ற சொல்லும் வந்துவிடும். அந்தக் குழாயை ஆளுயரத்துக்குச் செய்து, வீட்டுக் கூடத்தில் நிறுத்தி, சன்னமாகப் பாட்டுக் கேட்கிறேன் என்றால் நம்புகிறவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்தில் இதே வேலையைச் செய்யும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் மட்டும் இதைக் கேட்டு வியக்கவில்லை. "வேற என்னத்தில சன்னமாக் கேக்கிறது?" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சாதாரண ஸ்பீக்கரின் காகிதம் முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. காற்றுக்குக் கனமில்லை, பிடி கிடைப்பதில்லை. கொடுக்கிற மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குபோலத்தான் ஒலியாகிறது, மற்றது சூடாகிப் போகிறது. குறுகிய கழுத்தில் தொடங்கிச் சீராக விரிந்துபோகும் குழாயை அதன் முன்னால் பொருத்தினால் காற்று பிடிகொடுக்கும். நாகஸ்வரத்தின் முனையில் அணசு விரிந்திருப்பதிலும் இந்தச் சூட்சுமம் உண்டு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் பெட்டி ஸ்பீக்கர் 88 டெசிபல் தரும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல குழாய் 104 தரும். இந்த 16 டெசிபலைச் சாதாரணப் பெட்டி எட்டிப்பிடிக்க வேண்டுமென்றால் அதற்கு நாற்பது மடங்கு மின்சாரம் வேண்டும். குழாய் பிறந்தது கூச்சல் போட அல்ல, கொஞ்ச மின்சாரத்தில் நிறையக் கேட்க.

தொடக்கத்தில் இரண்டு கரையிலும் கதை ஒன்றுதான். கொழும்பில் தந்தி அலுவலகப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923-இல் கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பார்த்தார். 1930-இல் சென்னை மாநகராட்சி வானொலியைக் கையிலெடுத்து, மெரினாவில் ஒலிபெருக்கி வைத்து மக்களைக் கேட்க வைத்தது. பிறகு ஊருக்கு ஊர் பஞ்சாயத்து ரேடியோ வந்தது. அந்தக் குழாய்களில் மாலை நேரத்தில் இலங்கை வானொலியையும் வைத்தார்கள். அதன் அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் குரலை என் தாத்தா தலைமுறை கேட்டது இப்படித்தான்.

பிரிவு வந்தது வணிகக் கொள்கையால். இந்தியாவில் 1991 வரை இறக்குமதிக் கதவு பெரும்பாலும் மூடியே கிடந்தது. வெளிநாட்டு செட் வேண்டுமென்றால் சென்னையின் பர்மா பஜார், இல்லையென்றால் ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி 'அசெம்பிள் செட்' போட வேண்டும். டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறவர், போர்டு அடிக்கிறவர், பெட்டி செய்கிற ஆசாரி என்று ஒரு தொழிற்கூட்டமே உருவானது. இலங்கையிலோ 1977-இல் பொருளாதாரம் திறந்தது. ஜப்பானிய ரேடியோ கசெட் செட்டுகள் வந்து குவிந்தன. ஆயத்தமாகக் கிடைப்பதைக் கையால் செய்ய யாருக்குத் தோன்றும்?

யாழ்ப்பாணத்தில் அதைத் தலைகீழாக்கியது போர். 1990-க்குப் பிறகு அங்கே மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். அதை நாலு டயோடும் ஒரு மின்தேக்கியும் வைத்து நேர்மின்சாரமாக்க வேண்டும். நண்பரின் தந்தை இன்னொன்றும் செய்தார். பழுதான கோயில் குழாயிலிருந்து ஒலியெழுப்பும் யூனிட்டைக் கழற்றிவிட்டு, கழுத்தில் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரை வைத்து, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டினார். இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை. விறாந்தையில் பத்துப் பதினைந்து பேர்.

அவரை நான் பார்த்தபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. ஏன் ஐயா, சத்தம் கூடவா என்று கேட்டேன். "சத்தத்துக்கு இல்லைத் தம்பி. சுத்துற பெடியன் களைச்சுப் போவான். அவன் மெல்லச் சுத்தினாலும் எல்லாருக்கும் கேக்கவேணும், அதுக்குத்தான்" என்றார். குழாய் ஸ்பீக்கரைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் அதன் பயனை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அந்தக் காலத்தில் இரண்டு கரையிலும் பானை ஸ்பீக்கர் என்று ஒன்று உண்டு. மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்ப்பார்கள். அது குழாய் அல்ல. பானை தனக்குப் பிடித்த ஒரு சுருதியை மட்டும் ஊதிப் பெருக்கும். குழாய் எல்லாச் சுருதியையும் ஒத்த அளவில் ஏந்திச் செல்லும். எனக்குப் பானையும் பிடிக்கும், ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் கூடாது.

பெரிய குழாயை வீட்டில் செய்யும்போது முதல் இடைஞ்சல் அளவு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 6.9 மீட்டர். குழாய் வாயின் சுற்றளவு அதற்குச் சமமாக இருக்கவேண்டும்; அதாவது வாயின் விட்டம் 2.2 மீட்டர். வாசற்படியில் நுழையாது. இதற்கு அமெரிக்காவின் பால் கிளிப்ஷ் 1940-களில் நல்ல வழி ஒன்றைப் பிரபலப்படுத்தினார். குழாயை மடித்துப் பெட்டிக்குள் அடக்கி, அறையின் மூலையில் வைத்தால் சுவர்களும் தரையுமே குழாயின் மிச்சப் பகுதியாகிவிடும். வாய் அரைச் சதுர மீட்டர் இருந்தால் போதும்.

ஆனால் மூலை வேண்டுமே. சென்னை அடுக்ககத்தில் ஒரு மூலையில் கதவு, ஒரு மூலையில் பூஜை அலமாரி. அண்டை வீட்டாரோடு சுவரும் பொது. வாடகை வீடென்றால் பெயர்த்து எடுத்துப்போகவும் முடியவேண்டும். அதனால் இங்கே எல்லோரும் பிளைவுட்டில் செய்கிறோம். கல்யாண மண்டபத்துக்கு 'டபிள்யூ பின்' பெட்டி அடிக்கும் ஆசாரிகளுக்கு மடிந்த குழாய் புதிதல்ல; வளைவை அட்டையில் வெட்டிக் கொடுத்தால் ஒரு நூல் பிசகாமல் அறுத்துத் தருவார்கள். நான்தான் செலவைப் பார்த்து 12 மில்லிமீட்டர் பலகை போதும் என்றேன். மிருதங்கத்தின் தொப்பி விழும்போதெல்லாம் பெட்டியும் சேர்ந்து முனகியது. ஆறு மாதம் கழித்து 18 மில்லிமீட்டரில் மறுபடி செய்தேன். இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, தாழ்ந்த சுருதியை ஓடவிட்டு ஊதுபத்தியை ஓரமாக நகர்த்திக்கொண்டு போவேன். புகை எங்கே துடிக்கிறதோ அங்கே ஓட்டை.

யாழ்ப்பாணத்து நண்பர் பலகையில் செய்யவில்லை. வளவுக்கு நடுவே தனி வீடு, கனத்த சுவர், வெறுமையான மூலை. கோழி வலையை வளைத்துக் கட்டி, மேசனைக்கொண்டு சீமெந்து பூசி, மூலையோடு மூலையாகக் குழாயை எழுப்பிவிட்டார். அதிர்வென்பதே கிடையாது. ஒலித்தரத்தில் என் பலகைக் குழாய் அதன் அருகில் வராது, ஐயமில்லை. பெயர்க்க முடியாதே என்றேன். 1995 அக்டோபர் இறுதியில் ஊரே இடம்பெயர்ந்தபோது அப்பா கட்டிய குழாயை விட்டுவிட்டு ஓடிய வீடு அது. "இனிப் பெயர்க்கிற யோசனை இல்லை" என்றார் அவர்.

அங்கே உட்கார்ந்து யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் கேட்டேன். அவர் அந்த மண்ணின் பிள்ளை, தஞ்சை மண்ணும் கொண்டாடிய வித்துவான். தவிலில் குச்சி விழும் கணம் மிகக் குறுகியது. பெட்டி ஸ்பீக்கரில் அது மழுங்கும். சத்தத்தைக் கூட்டினால் மழுங்கலும் கூடும். குழாயில் குச்சி வேறு, விரல்கூடு வேறு, தோல் தளர்ந்து அடங்குவது வேறு. இத்தனைக்கும் அடுத்த அறையில் பேரப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது இரண்டு நாட்டிலும் உள்ள கட்டுப்பாடு. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு விதி, இலங்கையில் 2007-இல் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளை. சரியான கட்டுப்பாடுதான். குழாயின் பெயரைக் கெடுத்தது அதற்கு அளவுமீறி வாட் கொடுத்தவர்கள். பேச்சுக்கென்று செய்த யூனிட் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. அதில் சினிமாப் பாட்டை முழுவீச்சில் விட்டால் கீச்சிடாமல் என்ன செய்யும்?

2022-இல் இலங்கையில் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. நண்பர் மோட்டார் சைக்கிள் பற்றரியில் சின்ன ஆம்பிளிபயரை இணைத்தார். சீமெந்துக் குழாய் இரவெல்லாம் பாடியது, பற்றரி தாங்கியது.

இரு கரையிலும் பழைய திரையரங்குகள் இடிபடுகின்றன. திரைக்குப் பின்னால் நின்ற பெரிய குழாய்களையும் யூனிட்டுகளையும் காயலான் கடைக்காரர் எடைபோட்டு எடுத்துப்போகிறார். உங்கள் ஊரில் ஒரு கொட்டகை இடிபடுகிறதென்று தெரிந்தால், லாரி வருமுன் போய்க் கேட்டுப்பாருங்கள். இரும்பு விலைக்கே கொடுத்துவிடுவார்கள்.