ஷார்பி நிற்கும் நேரத்தைப் பாருங்கள்

ஆடி பிறந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு அம்மன் விழாதான். ஒருபுறம் திருவேற்காடு கருமாரியம்மனுக்குக் கூட்டம் போய்க்கொண்டிருக்கும். மறுபுறம் உள்ளூர்க் கோயில்களில் கூழ் ஊற்றி முடித்து, இரவு இன்னிசைக் கச்சேரிக்கு மேடை போட்டுவிடுவார்கள். மேடையின் இரண்டு பக்கமும் இரும்பு ட்ரஸ், அதில் வரிசையாகத் தலை திருப்பும் விளக்குகள். நாம் பாடகரைப் பார்ப்போம், டிரம்ஸ்காரரைப் பார்ப்போம். மிக்ஸருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்த விளக்குகளை ஆட்டிவைப்பவரைப் பார்ப்பதில்லை. இந்த ஆடியில் ஒரு கச்சேரியையாவது அவர் பக்கமிருந்து பாருங்கள். பேச்சு மட்டும் கொடுக்காதீர்கள்.

இந்த விளக்கு உலக மேடைகளுக்குப் பழையது. 1981 செப்டம்பரில், பார்சிலோனாவில் ஜெனிசிஸ் என்ற ராக் குழுவின் கச்சேரியில்தான் வாரி-லைட் என்ற நகரும் விளக்குகள் முதலில் மேடையேறின. நம் தெருவுக்கு அது வந்து சேர்ந்தது இத்தாலியின் கிளே பாக்கி நிறுவனம் 2010 வாக்கில் ஷார்பி என்ற விளக்கை இறக்கிய பிறகு. அதில் இருப்பது வெறும் 189 வாட் பல்பு. ஒளியை 4 டிகிரிக்குள் ஒடுக்கி அனுப்புவதால் எதிர்வீட்டு மொட்டை மாடியைத் தாண்டிப் போகும். இன்று எந்தக் கம்பெனி பெட்டி வந்தாலும் லைட்மேன்களுக்கு அது ஷார்பிதான்.

விளக்குகளை இயக்கும் போர்டிலிருந்து கிளம்பும் ஒரு கேபிளில் 512 சேனல்கள். ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஓர் எண் ஓடும். தலை திரும்ப ஒரு சேனல், நிமிர ஒன்று, நிறத்துக்கு ஒன்று, ஷட்டருக்கு ஒன்று என்று ஒரு விளக்கே 16 சேனல் கேட்டால், அந்தக் கேபிளில் 32 விளக்குக்குத்தான் இடம். ஷார்பியின் தலை பக்கவாட்டில் 540 டிகிரி சுற்றும். அதை 256 படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்கு 2 டிகிரிக்கு மேல் வரும். 20 மீட்டர் தள்ளி விழும் ஒளி, ஒரு படி நகர்ந்தாலே முக்கால் மீட்டர் தாவிவிடும். அதனால்தான் நுண்ணிய அசைவுக்கென்று இன்னொரு சேனலைச் சேர்த்து, படிகளை 65,536 ஆக்குகிறார்கள். மெலடி பாட்டு ஒன்று வரும்போது கவனியுங்கள்: ஒளி வழுக்கிக்கொண்டு போகிறதா, விக்கி விக்கிப் போகிறதா? விக்கினால், நுண்சேனலை விட்டுவிட்டார்கள் அல்லது மோட்டார் மட்டமானது.

கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்றும் உண்டு. ஷார்பியில் நிறங்கள் ஒரு சக்கரத்தில் வரிசையாக இருக்கின்றன. சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போனால் நடுவிலுள்ள நிறங்களும் மின்னிவிட்டுப் போகும். நல்ல ஆபரேட்டர் அதைக் காட்ட மாட்டார். ஷட்டரை மூடி, இருட்டிலேயே தலையைத் திருப்பி, நிறத்தை மாற்றி, பல்லவி எடுக்கும் அடியில் திறப்பார். பல்பையே அணைத்துப் போடலாமே என்றால் முடியாது. இது இழைபல்பு இல்லை. அணைந்தால் ஆறித்தான் மறுபடி பற்றும். ஜெனரேட்டர் ஒரு நொடி விழுந்து எழுந்தால் எல்இடி பார் விளக்குகள் உடனே வந்துவிடும், ஷார்பிகள் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். வந்ததும் ஒவ்வொன்றும் தன் தலையை இப்படியும் அப்படியும் சுற்றித் தன் இடத்தைச் சரிபார்க்கும். அதற்காக அவரைத் திட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால், ஆபரேட்டருக்கு ஒரே தேர்வு போதும்: 1991-ல் வந்த 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு'. கோயில் கச்சேரியில் யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். குத்தாட்டம் போடும் பாட்டின் நடுவே இளையராஜா அப்பர் தேவாரத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அந்த இடத்தில் உங்கள் ஊர் விளக்கு என்ன செய்கிறது? பாதிப் பேர் அதே சுழற்சியை ஓடவிடுவார்கள். பாட்டு தெரிந்தவர் ஆட்டத்தை நிறுத்தி, நாலே நாலு ஒளியை மஞ்சளில் நிமிர்த்தி வைத்துவிட்டு, போர்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். தேவாரம் முடிந்து தாளம் திரும்பும்போது எல்லாவற்றையும் ஒன்றாக இறக்குவார். நகரும் விளக்கின் அழகு அது நிற்கத் தெரிந்திருப்பதில் இருக்கிறது என்பது என் கட்சி.

பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கத்தில் ஈவிபி ஃபிலிம் சிட்டி இருக்கிறது. அங்கே தளத்துக்குள் நடக்கும் படப்பிடிப்பில் இன்னொரு டேக் போகலாம். தெருமேடையில் அந்த வசதி இல்லை; அடுத்த பாட்டு எதுவென்றே ஆபரேட்டருக்குத் தெரியாது. முன்னிசையின் முதல் ஸ்வரத்திலேயே பாட்டைப் பிடித்தாக வேண்டும். போதாததற்குக் காற்று. புகை இல்லாமல் ஒளிக்கற்றை கண்ணில் படாது. அம்மியே பறக்கும் என்று சொல்லும் ஆடிக் காற்றில் ஸ்மோக் மெஷின் புகை எம்மாத்திரம்? காற்றின் போக்கைப் பார்த்து மெஷினை இடம் மாற்றி வைத்திருந்தால், அந்த ஆள் கெட்டிக்காரர்.

பத்து விளக்கும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பினால் அது போர்டில் ஏற்கெனவே இருக்கும் ஆட்டம். ஒன்றுக்கொன்று சற்றுப் பிந்தி அலையாகத் திரும்பினால், உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்று பொருள்.

அந்த வேலைக்குத்தான் இங்கே நேரம் கிடைப்பதில்லை. பாடகர் நிற்கும் இடம், கோபுரம், அம்மன் அலங்காரம் என்று ஒவ்வொரு விளக்கையும் குறிபார்த்து போர்டில் ஏற்ற இருட்டு வேண்டும். ஆனால் இருட்டும்போது கூட்டம் வந்து உட்கார்ந்துவிடும், மைக்கும் திறந்துவிடும். விழாக் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள்: அடுத்த வருஷம் கூடுதலாக நாலு ஷார்பி வேண்டாம். ட்ரஸ்ஸை முதல் நாளே ஏற்றி, அன்று இரவு அவருக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள்.