சுருக்கிப் பார்த்தால் மட்டும் போதுமா?

வீடியோ கேம் ஒன்றைச் செய்து முடித்துக் கடையில் வைக்கப்போகிறவருக்கு அட்டைப்படம் பற்றிக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: சுருக்கிப் பார். திரை முழுக்க விரித்து வைத்தால் எந்த ஓவியமும் அழகாகத்தான் இருக்கும். விரல்நகம் அளவுக்குக் குறைத்த பிறகும் பெயரைப் படிக்க முடிகிறதா, உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகிறதா? இல்லையென்றால் படம் தேறவில்லை. இந்தச் சோதனை எதை அளக்கிறதோ அதைச் சரியாகவே அளக்கிறது. அளக்காமல் விடுவதைப் பற்றித்தான் என் வழக்கு.

முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கணினி விளையாட்டுகளின் பெருஞ்சந்தையான ஸ்டீமில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் அதிகமான கேம்கள் வெளிவந்தன. ஒவ்வொன்றுக்கும் பல அளவுகளில் படம் கேட்பார்கள். தேடல் பட்டியலில் வருகிற சிறிய படம் நெடுங்காலம் 231க்கு 87 பிக்சல். சில இடங்களில் 120க்கு 45 வரை இறங்கும். இப்போது இரட்டிப்பு அளவில் பதிவேற்றச் சொல்கிறார்கள் என்றாலும், பார்க்கிறவர் கண்ணுக்குக் கிடைப்பது அதே கீற்றுதான். அந்தக் கீற்றைப் பெயரெழுத்தே ஏறக்குறைய நிரப்பிவிட வேண்டும் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் வழிகாட்டியே சொல்கிறது. கடையின் பின்புலமோ கருநீலம். இருண்ட படமாக இருந்தால் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியாது. பெரிய தாளில் நுணுகி வரைந்து பழகிய ஓவியர்கள் இங்கே சறுக்குவது திறமைக் குறைவால் அல்ல, எங்கே பார்க்கப்படும் என்பதை மறந்ததால்.

இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும் படத்துக்கு 2017இல் வந்த 'ஹாலோ நைட்' நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைக் கொண்ட டீம் செர்ரி குழு செய்தது. இரு கொம்புள்ள வெள்ளை முகமூடி, அதில் குழி விழுந்த இரண்டு கரிய கண்கள், சுற்றிலும் இருட்டு. வண்ணத்தை முழுவதுமாக உருவிவிட்டாலும் அது அதுவாகவே இருக்கும். விற்பனைக்காகப் பிற்பாடு ஒட்டிய முகம் அல்ல என்பதுதான் இதில் விசேஷம். இருண்ட குகைகளுக்குள் ஓடும் ஒரு சின்ன உருவத்தை ஆடுகிறவரின் கண் தவறவிடக்கூடாது. அந்தத் தேவைக்குப் பொருந்திய வடிவமே கடையிலும் தொலையாமல் நிற்கிறது. அட்டைப்படம் நன்றாக வந்த கேம்கள் பலவற்றில் அட்டைக்கு முன்பே உருவ வடிவமைப்பு நன்றாக வந்திருக்கும். பின்னால் வந்து யாரும் காப்பாற்றிவிட முடியாது.

2022 செப்டம்பர் 1 முதல் வால்வ் இன்னொரு கட்டுப்பாடும் கொண்டுவந்தது: அட்டையில் கேமின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வமான துணைப்பெயர் மட்டும்தான் இருக்கலாம், விமர்சன மதிப்பெண், விருதுச் சின்னம், தள்ளுபடி அறிவிப்பு எதுவும் கூடாது. நெருக்கியடித்த எழுத்துகளிலிருந்து படத்தை விடுவித்த நல்ல விதி. ஆனால் அதன் சுமை எல்லார் தோளிலும் ஒரே மாதிரி விழவில்லை. டொரொண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியே சொல்கிறது. 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. அந்தப் பெயரைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாத வாங்குபவர்களிடம் விருதை அட்டையில் சொல்ல வழியில்லை. புகழ்பெற்ற தொடரின் ஆறாம் பாகத்துக்கோ பெயர் ஒன்றே போதும். இருந்தாலும் விதியின் பக்கமே நிற்பேன். பாஃப்டாவுக்குக் கதவைத் திறந்தால் யாரும் கேள்விப்படாத நூறு விருதுகளும் கூடவே நுழையும்.

படிக்க முடிவதும் புரிவதும் ஒன்றல்ல என்பது 'ஐகோ'வின் இரண்டு அட்டைகளை அருகருகே வைத்தால் விளங்கும். ஃபுமிட்டோ உவேடா இயக்கிய அந்த கேம் 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தபோது, அட்டையில் கொம்பு முளைத்த சிறுவன் கணினிச் சித்திரமாகப் பெரிதாக நின்றான், கையில் கட்டையோடு. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் பதிப்புக்கு உவேடாவே வரைந்தார். இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ டி கிரிகோவின் தாக்கத்தில் பிறந்த படம் அது: வெயில் காயும் வெற்றுவெளி, மௌனமான கட்டடங்கள், நீண்டு விழும் நிழல்கள், நடுவே கைகோத்து ஓடும் இரண்டு சிறிய உருவங்கள். சுருக்கிப் பார்த்தால் அமெரிக்க அட்டை தேறிவிடும். உவேடாவின் படத்தில் அந்த இரண்டு பேரும் புள்ளியாகிக் காணாமல் போவார்கள்.

ஆனால் ஆடுகிறவர் உண்மையில் செய்யப்போவது என்ன? ஆளரவமற்ற பெருங்கோட்டைக்குள் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவருவது. கட்டையால் அடிப்பதும் உண்டு, ஆனால் அது பயணத்தின் இடையூறு. விரிந்த வெளியையும் கோத்த கையையும் சொன்ன படம்தான் உண்மையைச் சொன்னது. அமெரிக்காவில் விற்பனை மந்தமானதற்கே அட்டைதான் காரணம் என்று சொல்வோர் உண்டு. ஒரு படத்தின் தலையில் அவ்வளவு பழியைப் போட நான் தயாரில்லை.

பொய் சொல்லும் அட்டைகளுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அவற்றில் சிலவற்றை மன்னிக்கலாம். அடாரியின் 'அட்வென்ச்சர்' (1980) பெட்டியின் மேல் வண்ண ஓவியம். உள்ளே திரையில் நாயகன் ஒரு சதுரம், அவ்வளவுதான். டிராகன்கள் வாத்துகளைப் போலிருக்கும். இயந்திரத்தால் காட்ட முடியாததை ஓவியம் ஆடுகிறவரின் மனதுக்குள் போட்டு அனுப்பியது. பொய் என்பதைவிட, அந்தச் சதுரத்தை வீரனாக நினைத்துக்கொள்ள ஓர் உதவி. 1987இல் அமெரிக்காவில் வந்த 'மெகா மேன்' அட்டைக்கு அந்தச் சலுகையும் கிடையாது. கையே பீரங்கியாக மாறும் சிறுவனின் கேமுக்குக் கைத்துப்பாக்கி பிடித்த, கோணல்மாணலாக நிற்கும் ஓர் ஆசாமியை வரைந்தார்கள். தயாரித்த கேப்காமே பிற்பாடு 2012இல் அந்த ஆசாமியை இன்னொரு கேமில் கேலிப் பாத்திரமாக்கியது.

இப்போது நடக்கும் பொய் நுட்பமானது. யாருக்கும் புரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் பழகிய பிம்பத்தைப் போடுவது. 'பயோஷாக் இன்ஃபினிட்' (2013) அட்டையில் துப்பாக்கியும் கையுமாக நாயகன், பின்னால் எரியும் கொடி. கதையின் உயிரான எலிசபெத் முன்பக்கத்தில் இல்லை. எதிர்ப்பு எழுந்தபோது, அதை உருவாக்கிய கென் லெவின் மறைக்காமல் சொன்னார்: இது எங்களை ஏற்கனவே அறிந்தவர்களுக்கான படம் அல்ல, அறியாதவர்களுக்கானது. ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வேறொரு படத்தை அட்டைத்தாளின் மறுபுறம் அச்சிட்டார்கள். அதே ஆண்டு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' அட்டையில் சிறுமி எல்லியைப் பின்பக்கம் தள்ளச் சொன்னபோது நாட்டி டாக் நிறுவனம் மறுத்துவிட்டது. லெவினின் தர்க்கத்தில் பிழை இல்லை. அறியாதவரிடம் அறிந்த மொழியில்தான் பேசியாக வேண்டும். விவசாய கேம் என்றால் நீலவானமும் மரப்பலகை எழுத்தும் வேண்டும் என்று 'ஸ்டார்டியூ வேலி'க்குப் பிறகு வந்தவர்கள் நினைப்பதும் அதனால்தான். வாங்குபவருக்கும் அது வசதி. எல்லை எங்கே தாண்டப்படுகிறது என்றால், அட்டை காட்டும் வகையும் உள்ளே இருக்கும் வகையும் வேறாகும்போது.

சுருக்கிப் பார்க்கும் சோதனைக்கு இந்த எல்லை தெரியாது. கூகுள் பிளே 2015 முதல் இரண்டு படங்களை மோதவிட்டு எது அதிகம் பேரை இழுக்கிறது என்று பார்க்கும் வசதி தருகிறது. அந்தப் போட்டியில் வாய் பிளந்து கத்தும் முகம் ஒன்று வென்றால் அடுத்தவரும் அதையே வைக்கிறார். 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' சின்னத்தின் வாரிசுகள் வரிசையாக நின்று கத்துவதை எந்தக் கைபேசிக் கடையிலும் பார்க்கலாம். ஒவ்வொன்றும் தனியாகத் தெளிவு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது. சொடுக்குகளை எண்ணும் அட்டவணையில் ஏமாற்றமும் பதிவாகாது, அது வேறு இடத்தில் போய்ச் சேரும். ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சண்டை கேம் என்று நினைத்து வந்தவர் புதிர் கேமைக் கண்டதும் அதைத்தான் செய்வார்; போகிறபோக்கில் ஒரு கசப்பான விமர்சனமும் எழுதிவைப்பார்.

ஆகவே சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை, கேள்வியை மாற்றச் சொல்கிறேன். கேமைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் சுருக்கிய படத்தை, அதே வகைக் கேம்களின் வரிசைக்கு நடுவில் வைத்து, ஒரு நொடி காட்டுங்கள். 'நன்றாக இருக்கிறதா' என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார். 'இதில் நீங்கள் என்ன செய்வீர்கள்' என்று கேளுங்கள். வினைச்சொல் தப்பாக வந்தால் பெயரெழுத்து எவ்வளவு பளிச்சென்று இருந்தும் படம் தோற்றது என்றே பொருள்.

இன்னொன்று. ஸ்டீம் கேட்கும் அளவுகளில் 600க்கு 900 என்று நெட்டையான ஒன்று இருக்கிறது. கேமை வாங்கியவரின் நூலகத்தில் வரும் படம் அது. அதைப் பார்ப்பவர் ஏற்கனவே பணம் கொடுத்துவிட்டார். அவரை இழுக்கவோ அவரிடம் வகையை விளக்கவோ வேண்டியதில்லை. உவேடாவின் வெற்றுவெளி போன்ற படத்துக்கு இன்றைய கடையில் மிச்சமிருக்கும் இடம் அதுதான். ஆனால் பெரும்பாலானோர் அங்கேயும் முகப்பில் வைத்த அதே முகத்தையே நெட்டையாக வெட்டி ஒட்டிவிடுகிறார்கள்.