பிஸ்கோ சவரின் வெண்நுரை

பெரு நாட்டின் பிஸ்கோ சவரைப் பருகும்போது உதட்டில் முதலில் படுவது நுரைதான். திராட்சையிலிருந்து வடித்த பிஸ்கோ, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, கூடவே கொஞ்சம் முட்டையின் வெள்ளைக்கரு. 1916இல் லிமாவில் விக்டர் மோரிஸ் என்ற அமெரிக்கர் திறந்த மதுக்கூடத்தோடு சேர்த்துப் பேசப்படும் பானம் இது.

வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதி பெரும்பாலும் புரதம். குலுக்கக் குலுக்க, சுருண்டு கிடந்த புரத இழைகள் அவிழ்ந்து காற்றுக் குமிழிகளைச் சுற்றிக்கொள்கின்றன. குளிரில் நுரை எளிதில் எழாது என்பதால் பலர் முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்குவார்கள்; ஐஸ் பிறகுதான். வடிகட்டி ஊற்றிய சற்று நேரத்தில் கோப்பைக்குள் பானம் கீழே தங்கும். மேலே பட்டுப் போல ஒரு விரற்கடை நுரை நிற்கும். அதன்மேல் இரண்டு மூன்று சொட்டு அங்கஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாரம். பார்க்க அழகு, முட்டை வாடையையும் அதுவே அடக்கிவிடும்.

வெள்ளைக்கரு தன் ருசியைக் காட்டிக்கொள்வதில்லை. எலுமிச்சையின் கடும்புளிப்பைத் தணித்து, பானத்துக்கு ஒரு கனம் தருகிறது. பச்சை முட்டை என்று தயங்குகிறவர்கள் பாஸ்டரைஸ் செய்த வெள்ளைக்கருவைப் பயன்படுத்தலாம். நுரை சற்றுக் குறைந்தாலும் பயமில்லை.