சீட்டை இழந்த விந்தைகள்

அரியது, விசித்திரமானது, இதுவரை கண்டிராதது என்னும் ஒரே தகுதியைக் கொண்டு பொருள்களைத் திரட்டி ஓரிடத்தில் வைக்கும் வழக்கம், 16, 17ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பாவில் அரசர்களிடமும் மருத்துவர்களிடமும் மருந்து வணிகர்களிடமும் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தது. ஜெர்மன் மொழியில் ‘வுண்டர்கம்மர்’ எனப்பட்ட இந்த விந்தையறைகளில் பவளம், பழங்காசு, பாடம் செய்யப்பட்ட விலங்கு, தொலைதேசத்து ஆயுதம் ஆகிய யாவும் இயற்கை, செயற்கை என்ற பாகுபாடின்றி அருகருகே இடம்பெற்றன. நேப்பிள்ஸ் நகர மருந்து வணிகர் ஃபெரான்டே இம்பெராட்டோ 1599இல் வெளியிட்ட நூலில் உள்ள படம், கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குவதையும், வந்தவர்கள் அண்ணாந்து நோக்குவதையும் காட்டுகிறது. இன்று கைபேசித் திரையில் ஓர் ஆழ்கடல் மீனும் ஒரு பழங்காலக் கருவியும் அடுத்தடுத்து வந்து மறைவதும் அதே வழக்கத்தின் தொடர்ச்சியே. இவ்வழக்கத்தை மதிப்பிடுகையில், எவ்வளவு திரட்டப்பட்டது என்பதைவிட, திரட்டிய பொருளோடு அது எங்கிருந்து, யாரிடமிருந்து, எந்நிலையில் வந்தது என்னும் குறிப்புச் சீட்டும் சேர்ந்து வந்ததா என்பதே முதன்மையான கேள்வியாகிறது.

இவ்வறைகளால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. வெவ்வேறு கடல்களிலிருந்தும் காடுகளிலிருந்தும் வந்தவற்றை ஒரே மேசையில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பை இவையே முதன்முதலாகப் பரவலாக்கின. கோபன்ஹேகனில் புகழ்பெற்ற தொகுப்பொன்றை வைத்திருந்த மருத்துவர் ஓலே வோர்ம், நஞ்சு முறிக்கும் என்று நம்பிப் பெருவிலைக்கு விற்கப்பட்ட ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு உண்மையில் நார்வால் என்னும் ஆர்க்டிக் கடல் திமிங்கிலத்தின் பல் என்று, அப்பல் பொருந்தியிருந்த மண்டையோட்டை ஆராய்ந்து 1638இல் நிறுவினார். ஆயினும் ஓர் உண்மை வெளிப்பட்டதாலேயே பழைய நம்பிக்கை மறைந்துவிடுவதில்லை: சில பத்தாண்டுகள் கழித்து டென்மார்க் அரசர்களின் முடிசூட்டு அரியணை அதே நார்வால் பற்களைக் கொண்டு, ஒற்றைக்கொம்பின் பெருமை கருதியே அமைக்கப்பட்டது; அது இன்றும் ரோசன்போர்க் மாளிகையில் உள்ளது.

பொருளை அதன் நிலத்திலிருந்து பிரித்தெடுப்பது இவ்வழக்கத்தின் ஆழமான குறை. அதற்குச் சொர்க்கப் பறவையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மெகல்லனின் பயணத்தில் எஞ்சிய கப்பல் 1522இல் ஸ்பெயினுக்குத் திரும்பியபோது, மொலுக்கா தீவுகளின் ஆட்சியாளர் ஒருவர் அளித்த இப்பறவைத் தோல்களைக் கொண்டுவந்தது. நியூகினிப் பகுதி மக்கள் இறகின் அழகுக்காகத் தோலைப் பதப்படுத்தும்போது கால்களை நீக்கிவிடுவது வழக்கம். அந்தச் செய்முறை பற்றிய செய்தி தோலோடு பயணப்படவில்லை. எனவே இப்பறவைக்குக் காலே இல்லை, அது தரையில் இறங்காமல் வானிலேயே வாழ்ந்து பனித்துளி பருகுகிறது, பெட்டை ஆணின் முதுகில் முட்டையிடுகிறது என்றெல்லாம் கற்றறிந்தோரே எழுதினர். அப்பயணத்தில் உடன்சென்ற அந்தோனியோ பிகஃபெத்தா இப்பறவைக்குக் கால்கள் உண்டு என்று எழுதியிருந்ததும், கால்களோடு கூடிய தோல்கள் வந்திருப்பதைத் தாவரவியலாளர் குளூசியஸ் 1605இல் பதிவு செய்ததும் அக்கதையை உடனே வீழ்த்தவில்லை. 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் சூட்டிய அறிவியல் பெயரில் ‘காலற்றது’ எனப் பொருள்படும் ‘அபோடா’ என்னும் சொல் இடம்பெற்று, இன்றுவரை நிலைத்துள்ளது. பறவையை நன்கறிந்திருந்த வேட்டைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் ஐயம் இது.

வியப்புக்கு விலை உண்டான இடத்தில் போலியும் உண்டானது. ஹாம்பர்க்கில் பெருமதிப்புப் பெற்றிருந்த ஏழுதலைப் பாம்பு, மரநாய் இன விலங்குகளின் தாடைகளையும் பாம்புத் தோலையும் ஒட்டிச் செய்த பொம்மை என்பதை லின்னேயஸ் 1735இல் கண்டறிந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிளாட்டிபஸ் தோலை 1799இல் விவரித்த ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா, வாத்தின் அலகை யாரோ விலங்கோடு பொருத்தியிருப்பார்களோ என்று ஐயுற நேர்ந்தது, இத்தகைய போலிகள் மலிந்திருந்த சூழலில் இயல்பானதே.

எனினும் சீட்டு பிழையாகிவிட்ட பிறகும் பொருள் பேசக்கூடும் என்பதால், திரட்டுதலை முற்றாகப் பழிக்க இயலாது. இங்கிலாந்தின் டிரடெஸ்கன்ட் குடும்பத்தாரின் தொகுப்பிலிருந்த, இன்று அற்றுப்போன இனமாகிய டோடோ பறவை, 1683இல் திறக்கப்பட்ட ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது; சிதைந்ததுபோக அதில் எஞ்சிய தலையும் பாதமுமே, உலகில் மென்திசுவோடு கிடைக்கும் ஒரே டோடோ எச்சம். அதிலிருந்து பெற்ற மரபணுவைக் கொண்டு, நிக்கோபார் புறாவே டோடோவுக்கு மிக நெருங்கிய உயிருள்ள உறவு என்பது 2002இல் அறியப்பட்டது. லண்டனில் உயிரோடு காட்சிக்கு வைக்கப்பட்ட பறவையே அது என்று நெடுங்காலம் கருதப்பட்டிருக்க, தலையில் ஈயக் குண்டுகள் பதிந்திருப்பதை 2018இல் வெளியான ஊடுகதிர் ஆய்வு காட்டியதால் அவ்வரலாறே ஐயத்துக்குரியதாயிற்று.

சென்னைக் கடற்கரைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராயிருந்த சாமுவேல் பிரவுன், அப்பகுதிச் செடிகளை உலர்த்தித் தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பினார். அவற்றின் விவரங்களை வெளியிட்ட ஜேம்ஸ் பெட்டிவரின் தொகுப்பு பின்னர் சேகரிப்பாளர் ஹான்ஸ் ஸ்லோனின் கைக்கு வந்து, இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. பெயரும் ஊரும் உடன்சென்றதால் அச்செடிகள் இன்றும் அறிவுக்குப் பயன்படுகின்றன. ஆனால் அப்பெயர்களைச் சொல்லிக்கொடுத்தோர் யார் என்பதற்குச் சீட்டில் இடமில்லை. ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பகுதி ஜமைக்கா அடிமைத் தோட்டங்களிலிருந்து வந்ததையும் அருங்காட்சியகப் பலகைகள் நெடுங்காலம் சொல்லவில்லை. இவ்விடுபடல்களைச் சிறு பிழையென ஒதுக்குவது நியாயமன்று.

இணையத்தில் இக்குறை பன்மடங்கு பெருகியுள்ளது. ஏனெனில் படத்தைப் பகிர்வோர் ஒவ்வொருவரும் அதன் மூலத்திலிருந்து ஒரு படி விலகுகின்றனர். லெம்மிங் என்னும் துருவப்பகுதி எலிகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்கின்றன என்ற கதைக்கு வலுவூட்டிய 1958ஆம் ஆண்டின் டிஸ்னி ஆவணப்படக் காட்சி, அவ்விலங்குகளைக் கனடாவின் ஆல்பர்ட்டாவுக்குக் கொண்டுவந்து செயற்கையாக அமைத்த ஒன்று என்பது 1982இல் கனடியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியால் வெளிப்பட்டது. கதையோ இன்றும் இணையத்தில் உலவுகிறது. மாறாக, 2008இல் தொடங்கிய ‘ஐநேச்சுரலிஸ்ட்’ தளம், தேதியும் இடமும் இல்லாத, பிறர் சரிபார்க்காத பதிவை ஆய்வுத்தரமாக ஏற்பதில்லை. அதற்கும் எல்லைகள் உண்டு: மக்கள் செல்லும் பாதைகளின் அருகிலுள்ள கண்கவர் உயிர்களே அதில் மிகுதி. மேலும், இடத்தைச் சொல்லும் குறிப்பே திருட்டு வேட்டைக்காரருக்கு வழிகாட்டியாகிவிடும் என்பதால், அழியும் நிலையிலுள்ள இனங்களின் சரியான இருப்பிடத்தை அத்தளம் பொதுப்பார்வையிலிருந்து மறைத்து, 0.2 பாகை அளவுள்ள சதுரத்துக்குள் ஏதோ ஒரு புள்ளியை மட்டுமே காட்டுகிறது.