ஆட்பிடிப்பும் முத்துக்குளிப்பும்

கடலை நம்பி வாழ்வோரை இலக்கியம் எவ்வாறு கண்டது என்னும் வினாவிற்கு 1863ஆம் ஆண்டு மாறுபட்ட இரு விடைகளைத் தருகின்றது. அவ்வாண்டில் ஆங்கில நாட்டிலே எலிசபெத் காஸ்கெல் அம்மையார் 'சில்வியாவின் காதலர்' என்னும் நாவலை வெளியிட்டார். அதே ஆண்டிற் பாரிஸ் நகரிலே, பிசே இசையமைத்த 'முத்துக் குளிப்போர்' என்னும் இசைநாடகம் அரங்கேறிற்று. முன்னையது விற்பித் துறைமுகத்தை மாதிரியாகக் கொண்டு திமிங்கில வேட்டைக்காரரைப் பற்றி எழுந்தது. பின்னையது இலங்கையைக் களமாகக் கொண்டது. மன்னார்க் கரையை அறிந்தோர் இவ்விரண்டையும் ஒப்புநோக்குதல் பயனுடைத்து.

நாவலின் காலம் 1790களாகும். பிரான்சுடன் போர் மூண்டபோது, பிரித்தானியக் கடற்படை மாலுமிகளை வலிந்து பிடித்துப் போர்க்கப்பல்களில் ஏற்றியது. திமிங்கிலக் கப்பல்களில் ஈட்டியெறிவோர் முதலியோர்க்குச் சட்டம் விலக்களித்திருந்தும், அவ்விலக்குப் பலவிடத்துங் காற்றிற் பறந்தது. கிறீன்லாந்துக் கடலிலே மாதக்கணக்காக உழன்று மீண்டவர், வீட்டு வாயிலை மிதிக்குமுன்னரே பிடிபட்டனர். நாவலில் ஆட்பிடிப்போர் தீயணைப்பு மணியை அடிக்கின்றனர்; அயலாருக்கு உதவ ஓடிவந்தோரையே வளைத்துக் கொள்கின்றனர். மனிதரின் நற்குணமே அவர்க்குக் கண்ணியாகின்றது. இதனைப் பொறாது கிளர்ந்த முதியவர் டானியல் ரொப்சன் தூக்கிலிடப்படுகின்றார். சட்டம் வேறு, நீதி வேறு என்பதை அம்மையார் வாதத்தால் அன்றி நிகழ்ச்சியாலே நிறுவுகின்றார்.

குறையும் உண்டு. பிடிபட்ட கின்றெயிட், தன்னைக் கவர்ந்த அதே கடற்படையில் உயர்பதவி பெறுகின்றான். அவனைக் காட்டிக்கொடாது, அவன் பிடிபட்ட செய்தியை மறைத்த ஹெப்பேணே அவனை ஏக்கர் முற்றுகையிற் காப்பாற்றுவது தற்செயலை மிகையாக நம்புவதாகும். ஆட்பிடிப்பின் கொடுமை இவ்விடத்து மழுங்கிவிடுகின்றது. ஆயினும் கண்டவன் வாய்மூடியிருத்தலும் கொடுமையில் ஒரு பங்கே என்னும் உண்மை நூல் முழுவதும் நிலைத்து நிற்கின்றது.

இசைநாடகமோ வேறு வகையது. கதையாசிரியர் முதலில் மெக்சிக்கோவைக் களமாக எண்ணிப் பின்னர் இலங்கைக்கு மாற்றினர். களம் மாறியும் கதை மாறாமைக்குக் காரணம், அக்கதையிலே கடலும் இல்லை, தொழிலும் இல்லை என்பதே. இரு நண்பர், ஒரு கன்னி, ஒரு சபதம், இவையே பொருள். இசை இனியது, முத்துக் குளிப்போர் வெறுந் திரைச்சீலையாகினர்.

அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளின் வரலாறு அத்துணை இனியதன்று. 1560இற் போர்த்துக்கேய அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா மன்னார்த் தீவிற் கோட்டை அமைத்துப் புன்னைக்காயற் பரதவரை அங்கே கொணர்ந்து குடியேற்றினான். பகைவரிடமிருந்து காத்தல் என்பது கூறப்பட்ட காரணம். குளிப்போர் இருக்குமிடத்திலேயே முத்தின் வருவாயும் இருக்கும் என்பதும் மறத்தற்பாலதன்று. பிரித்தானியர் காலத்தில் ஆட்பிடிப்போர் வேண்டப்படவில்லை. கல்லைக் காலிற் கட்டி, மூச்சடக்கி, இறங்கி எடுத்த சிப்பியில் மூன்றிலிரு பங்கை அரசு கொண்டது. எஞ்சிய ஒன்றே குளித்தோர்க்கு. வறுமையே தடியின் வேலையைச் செய்தது.

1906இல் மரிச்சுக்கட்டியிற் கடமையாற்றிய லெனாட் வுல்ஃப் எழுதி 1921இல் வெளியிட்ட 'முத்தும் பன்றியும்' என்னும் சிறுகதை இப்பங்கீட்டை மறையாது கூறுகின்றது. இறந்த அராபியக் குளிப்பாளன் ஒருவனுக்கு அவன் தோழர் காட்டும் மரியாதையையும், வெள்ளையன் ஒருவனின் இழிந்த மரணத்தையும் அருகருகே நிறுத்துகின்றது. எனினும் அதுவும் அதிகாரியின் மேசையிலிருந்து கண்ட காட்சியே. குளிப்பவனின் வீடு அதில் இல்லை. காஸ்கெல் அம்மையாரின் சிறப்பு அவ்வீட்டினுள்ளிருந்து கடலை நோக்கியதேயாகும்.

தமிழகக் கரையின் பரதவர் வாழ்வை ஜோ டி குருஸ் 'கொற்கை' (2009) என்னும் நாவலில் விரித்துரைத்தார். மன்னார்க் கரையும் தன் கதையைக் கேட்டு நிற்கின்றது. அதனை எழுதப் புகுவோர் முத்தின் ஒளியை விடுத்து, மூச்சடக்கியவனுக்காகக் கரையிலே காத்திருந்த வீட்டிலிருந்து தொடங்குவாராக.