கிடங்குச் சாவி யார் கையில்?

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கணும் என்று வாதாடுகிறவர்கள் தவறாமல் கையில் எடுக்கும் ஆவணம் ஒன்று உண்டு: 1893-94இன் இந்தியக் கஞ்சா ஆணைய அறிக்கை. 7 தொகுதிகள், 1,193 சாட்சிகள். மிதமான பயன்பாட்டால் பெரிய கேடில்லை, முழுத் தடை வேண்டாம் என்ற அதன் முடிவு மட்டும் ஸ்க்ரீன்ஷாட்டாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொள்வது அரைகுறை வாசிப்பு.

தடை வேண்டாம்னா, பதிலுக்கு என்ன? பயிரை ஓரிடத்தில் குவி, உரிமம் கொடு, வரி போடு என்கிறது அறிக்கை. மென்பொருள் ஆவணங்களில் நான் அடிக்கடி பார்ப்பதுதான்: அட்மினுக்கு எல்லாப் பட்டனும் இருக்கும், பயனருக்கு ஒன்றும் இருக்காது. வங்காளத்தின் நவ்காவ் வயல்களில் ஆண்செடிகளைக் கண்டுபிடித்துக் களையும் 'பொத்தார்' வரை விவரிக்கும் அறிக்கையில், விவசாயி உரிமதாரர் மட்டுமே. நம் ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடிகள் செய்த சாகுபடியும் அதில் பதிவாகியிருக்கிறது. ஆனால் சிதறிக் கிடக்கும் மலைப்பயிருக்கு இந்தக் குவிப்புத் திட்டத்தில் இடம் ஏது?

அறிக்கை எழுதாத அத்தியாயம் பின்னால் நடந்தது. 1917இல் நவ்காவில் கஞ்சா விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அரசின் மேற்பார்வையில்தான். ஆனாலும் விளைச்சலைச் சங்கமே சேர்த்து விற்றது. லாபத்தில் பள்ளிகளும் மருந்தகங்களும் நடந்தன. 'ஃபேர் டிரேட்' முத்திரை வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு! 1980களில் வங்கதேசம் சாகுபடியை நிறுத்தும்வரை அது நீடித்தது.

இன்றைக்கு வருவோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வெறும் விதையையும் இலையையும் கஞ்சா என்று சொல்வதில்லை. 2018இல் உத்தராகண்ட் ஹெம்ப் சாகுபடிக்கு உரிமம் தரத் தொடங்கியது. 2021 முதல் ஹெம்ப் விதை அங்கீகரிக்கப்பட்ட உணவு. தேனாம்பேட்டையில் உட்கார்ந்தபடி ஆர்டர் பண்ணலாம். ஆனால் செடியில் டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மலையின் நாட்டு விதை இந்த வரம்புக்குள் நிற்பது கடினம். அப்போ விதையை வெளியே வாங்கணும். சோதனையில் தவறினால் பயிர் போச்சு. நஷ்டம் யாருக்கு?

1894இன் அட்மின் பார்வை இந்த விதிகளிலும் அப்படியே தொடர்கிறது. பொட்டலத்தில் சிரிக்கும் விவசாயியின் படம் அதை மாற்றாது. விதை, சோதனைச் செலவு, கிடங்கு, விலை: இந்த நான்கில் அவருக்கு எதில் பிடி இருக்கிறது என்று கேட்டால்தான் 'நியாய வணிகம்' என்ற சொல்லுக்கு அர்த்தம். அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த ஒரு முடிவைத் தாண்டி, சாகுபடி பற்றிய பக்கங்களையும் வாசியுங்கள்.