நக்கீரர் பாதியில் விட்டது

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மகளின் தலையை நனைத்தால், முறுக்கி முடிக்க ஏழு மணியாகிவிடும். அவள் தரையில், நான் நாற்காலியில். என் கை முழுக்க வழவழப்பு, அவள் மடியில் கிளிப்புகள். அந்த ஐந்து மணி நேரமும் டிவியில் எது ஓடுகிறதோ அதைத்தான் பார்ப்போம். அப்படி ஒரு ஞாயிறு அகப்பட்டது ‘திருவிளையாடல்’. 1965இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படம். நாகேஷின் தருமி, சிவாஜியின் சிவன், இயக்குநரே ஏற்ற நக்கீரர். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பது பாண்டியனின் சந்தேகம். தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன்.

விளம்பரம் வந்ததும் மகள் கேட்டாள்: “ஏம்மா, இத்தனை பேர் சண்டை போடறாங்களே, அந்த ராணிகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

எனக்குப் பதிப்பகங்களில் பிழை திருத்தும் வேலை. குறுந்தொகையை மட்டும் மூன்று பதிப்புகளுக்குத் திருத்தியிருக்கிறேன். தருமி கதைக்கு மூலமான இரண்டாம் பாடல் எனக்கு மனப்பாடம். அதில் தலைவன் தும்பியைக் கூப்பிட்டு, நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட மணமுள்ளது உண்டா என்று கேட்கிறான். கேள்வி தும்பிக்கு. கூந்தலுக்குச் சொந்தக்காரி பக்கத்திலேயே இருக்கிறாள். மூன்று பதிப்புகளிலும் ஒற்றுப்பிழை தேடிய எனக்கு இது உறைக்கவில்லை. பதினான்கு வயதுக்காரிக்கு உறைத்தது.

ஆனாலும் அன்று நான் நக்கீரர் கட்சிதான் எடுத்தேன். அந்தச் சபையில் அவர் ஒருவர்தான் உண்மைக்குப் பக்கத்தில் போனார். பூவும் வாசனைப் பொருளும் சேர்வதால்தான் கூந்தலில் மணம், இயற்கையாக இல்லை என்றார். தேவப் பெண்ணுக்கும் அப்படித்தான், இறைவிக்கும் அப்படித்தான் என்று நெற்றிக்கண்ணுக்கு எதிரிலும் சொன்னார். தைரியம்தான். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். அந்தப் பூவைத் தொடுத்தது யார், எண்ணெய் காய்ச்சியது யார், தண்ணீர் சுமந்தது யார், அதற்கு எத்தனை நாழிகை ஆனது என்று அவர் கேட்கவில்லை. இயற்கை இல்லை என்றால் அது உழைப்பு. அந்தச் சொல் சபையில் கடைசி வரை வரவே இல்லை.

நம் மொழியில் கூந்தலுக்குச் சொல் பஞ்சமே இல்லை. ‘ஐம்பால்’ என்றால் ஐந்து வகையாக முடிப்பது என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். சுருள், குழல், கொண்டை, பனிச்சை என்று போகும். எல்லாமே முடித்த பிறகு கண்ணுக்குத் தெரிகிற வடிவத்தின் பெயர்கள். முடிக்கிற கைக்கும் அதற்கு ஆகிற நேரத்துக்கும் ஒரு பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை.

என் முடி அந்தப் பட்டியல் எதிலும் சேராதது. அதன் பெயர் பரட்டை. தெருவில் பரட்டை, வகுப்பில் பரட்டை. ‘16 வயதினிலே’ (1977) படத்தில் வில்லனுக்கே அதுதான் பேர். பரட்டை என்றால் வாராதது, குளிக்காதது, அடங்காதது, கேட்பாரற்றது. அதாவது ஒழுங்காக ஒருவர் வளர்க்காத பிள்ளை. அதனால் அந்தச் சொல் என் மீது விழுந்தாலும் அடி அம்மாவுக்குத்தான். காலையில் ஆறு மணிக்கு அரைக் கிண்ணம் தேங்காயெண்ணெய் விட்டு, மரச்சீப்பால் உச்சியிலிருந்து இழுப்பாள். வலியில் நான் கத்தினால், “கறுப்பா இருக்கிற பிள்ளை தலையும் இப்படி விரிஞ்சு கிடந்தா என்னை என்னடி சொல்லுவாங்க?” என்பாள். எந்தத் தெருப் பிள்ளை, என்ன சாதி என்று எங்கள் தலையைப் பார்த்தே முடிவுசெய்கிற ஊரில் அம்மாவுக்கு அந்தச் சீப்பு ஒரு தற்காப்பு. அது எனக்கு நாற்பது வயதில்தான் புரிந்தது.

2015இல் ‘பிரேமம்’ வந்தது. அனுபமா பரமேஸ்வரனின் சுருள்முடி எல்லாருக்கும் பிடித்துப்போனது. தாம்பரத்திலிருந்து ஏறும் மகளிர் பெட்டியில், இத்தனை வருடம் கொண்டைக்குள் ஒளித்துவைத்திருந்த சுருள்களை அவிழ்த்துவிட்ட பெண்களைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒன்றையும் கவனித்தேன். சுருளுக்குத்தான் மன்னிப்பு கிடைத்தது, பரட்டைக்கு இல்லை. வெளுத்த முகத்தைச் சுற்றி ஈரப் பளபளப்போடு தொங்கினால் அது ‘நேச்சுரல்’. என்னுடையதைப் போல அடர்ந்து மேல்நோக்கி எழும்பினால், “என்னக்கா, உடம்பு சரியில்லையா?”

மகளுக்கும் என் முடிதான். அதற்கு ஏற்ற வழியைச் சொல்லிக்கொடுத்தவர்கள் கறுப்பினப் பெண்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டு, எதிர்ப்புகளுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் காப்பாற்றிய வித்தை அது. முடியைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு காலாக்கி, கயிறுபோல் முறுக்குவது. நம் பின்னலுக்கு மூன்று கால், இதற்கு இரண்டு. அவர்கள் தலையில் வாரக்கணக்கில் நிற்கிறது. எங்கள் முடி அவ்வளவு இறுக்கமான சுருள் இல்லை, நாலைந்து நாள்தான் தாங்கும்.

சுருண்ட முடி வளரும் வேர்ப்பையே வளைந்தும் தட்டையாகவும் இருக்கும். தலைத்தோலில் ஊறும் எண்ணெய் அந்த வளைவுகளில் இறங்கி நுனிவரை போவது கடினம். அதனால் நுனி காயும், சிக்கும், ஒடியும். முறுக்கிவிட்டால் இழைகள் ஒன்றையொன்று உரசாது, ஈரம் தங்கும். அம்மாவின் மரச்சீப்பு உடைத்ததை இது உடைக்காது.

செய்முறை எளிதுதான், நேரம்தான் எளிதல்ல. எங்கள் சேலையூர்ப் பக்கத்துப் போர்த் தண்ணீர் கடினநீர். வாளி ஓரத்தில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது, அதே படிவு முடியிலும் ஒட்டிச் சொரசொரக்கும். அதனால் கடைசி அலசலுக்கு இருபது லிட்டர் கேனிலிருந்து ஐந்து லிட்டர் எடுத்துவைக்க வேண்டும். 2019 கோடையில் டேங்கருக்குக் காத்துக்கிடந்த வீட்டில் அந்த ஐந்து லிட்டருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு இரவே ஊறவைத்த வெந்தயத்தையும் செம்பருத்தி இலையையும் அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்த வழவழப்பு. நனைந்த முடி இழுத்தால் நீளும், மேலும் இழுத்தால் அறும். அதனால் அந்த வழவழப்போடு, விரலால், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும்.

புதிதாக முறுக்கிய தலையைக் காயும்வரை தொடக்கூடாது. முழுக்கக் காயாமல் கட்டிவிட்டால் ஐப்பசி மழைக்காலத்தில் பூஞ்சை வாடை வரும். முன்நெற்றி ஓரத்தில் இறுக்கவே கூடாது. தொடர்ந்து இழுபட்டால் வேர் விட்டுப்போகும், நாளானால் திரும்ப முளைக்காது. இரவில் பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், என் கல்யாணப் பட்டு ரவிக்கையைப் பிரித்துத் தைத்த துணியைச் சுற்றிக்கொண்டு படுப்பாள். காலையில் உச்சித்தோலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய், முறுக்குகள்மேல் கொஞ்சம் தண்ணீர்த் தெளிப்பு. அவிழ்க்கும்போது விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, எந்தத் திசையில் முறுக்கினோமோ அதற்கு எதிராக.

இத்தனைக்கும் பிறகு தெருவில் ஒருவர் சொல்வார்: “பாப்பாவுக்கு இயற்கையிலேயே நல்ல முடி.”

பாண்டியன் சபை இன்னும் கலையவில்லை. கடையில் சுருள்முடிக்கென்று விற்கும் குப்பிகளிலும் ‘நேச்சுரல்’ என்றுதான் எழுதியிருக்கிறது. உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள் என்கிற இயக்கத்தின் நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவளுக்கு, குடத்தில் தண்ணீர் பிடிக்கிறவளுக்கு, அந்த ஏற்பு எத்தனை மணி நேரம், எத்தனை லிட்டர் என்று அது கணக்குச் சொல்வதில்லை.

திருமலையில் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்துக்குப் போகிறது. அங்கிருந்து வெளிநாட்டுச் சந்தைக்குப் போய், கறுப்பினப் பெண்களின் தலையில் நேர்முடியாகத் தைக்கப்படுகிறது. கிறிஸ் ராக்கின் ‘குட் ஹேர்’ (2009) ஆவணப்படம் அந்தப் பாதையைத் தொடர்ந்து இந்தியா வரை வந்தது. ரசாயனம் படாத முடிக்கு அந்த வியாபாரத்தில் ‘வர்ஜின் ஹேர்’ என்று பேர். இருபது வருடம் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, சிக்கெடுத்து வளர்த்தவளின் வேலை முழுவதும் அந்த ஒரு சொல்லில் காணாமல் போகிறது. யார் கையும் படாததாம்!

போன ஜூனில் மகள் முதன்முறையாக முறுக்குகளோடு பள்ளிக்கூடம் போனாள். எண்ணெய் வைத்துப் படிய வாரி, இரட்டைச் சடை மடித்து, ரிப்பன் கட்ட வேண்டும் என்பது விதி. பிரார்த்தனை வரிசையிலேயே நிறுத்திவிட்டார்கள். “இது என்ன ஜடாமுடி? வீட்ல அம்மா இல்லையா?” அவள் கழிப்பறைக்குப் போய் இருபத்தெட்டு முறுக்குகளையும் குழாய்த் தண்ணீரில் பிய்த்து அவிழ்த்திருக்கிறாள். சாயங்காலம் வந்து நின்றபோது கையில் ஒரு பிடி முடி இருந்தது. “எனக்கு ஸ்மூத்தனிங் பண்ணிவிடும்மா” என்றாள்.

கண்ணகி தலைவிரி கோலமாகப் போனதையும் பாஞ்சாலி முடியாமல் சபதம் செய்ததையும் அந்தப் பள்ளியிலேயே பாடமாக நடத்துகிறார்கள். காவியத்தில் அவிழ்ந்த தலைக்கு அர்த்தம் உண்டு. வரிசையில் நிற்கும் பிள்ளையின் தலைக்கு மட்டும் ஒரே அர்த்தம்: வீட்டில் அம்மா சரியில்லை. அமெரிக்காவில் 2019இல் கலிபோர்னியா முதலில் கொண்டுவந்த ‘கிரவுன்’ சட்டம், பின்னலையும் சடைப்புரியையும் முறுக்கையும் பேர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றுக்காகப் பள்ளியிலும் வேலையிடத்திலும் யாரையும் ஒதுக்கக்கூடாது என்றது. முறுக்குக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஜூன் மாலையில் வரவில்லை.

ஸ்மூத்தனிங் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்தைந்து வயதில், பெண் பார்க்க வருகிறார்கள் என்று, நானும் நேராக்கிக்கொண்டவள்தான். கண் எரிந்தது நினைவிருக்கிறது. அவளை உட்காரவைத்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 33,497 பெண்களைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு அது. முடியை நேராக்கும் ரசாயனங்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். அடிக்கடி பயன்படுத்துகிறவர்களில் 4.05 சதவீதம். இதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை, தொடர்பு இருக்கிறது என்றது. “பயமுறுத்துறியா?” என்றாள். “இல்லடி, எனக்கு யாரும் சொல்லல. அதான் சொல்றேன்” என்றேன்.

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். முழுத்தலையையும் இரண்டே தடித்த முறுக்காகப் போட்டு, மடித்து, ரிப்பன் கட்டிக்கொண்டாள். தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைச் சடை. இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இது வெற்றியா சமரசமா என்று எனக்குத் தெரியவில்லை. விதி அப்படியேதான் இருக்கிறது. பள்ளி நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.

சிறு முறுக்குகள் இப்போது விடுமுறைக்கு மட்டும். அதில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இவள் அப்பா சின்ன வயதில் ஊரில் தென்னங்கயிறு திரித்தவர். ஒரு நாள் டிவி பார்த்துக்கொண்டே, “ரெண்டு காலையும் தனித்தனியா ஒரு பக்கம் திரிச்சுட்டு, சேர்க்கும்போது மறுபக்கம் முறுக்கணும். அப்பதான் அவிழாது” என்றார். “தெரியுதுல்ல, வந்து உக்காருங்க” என்றாள் மகள். அவர் போட்ட முதல் நாலும் அவிழ்ந்துவிட்டன. கயிறு பற்றிச் சொன்னதென்னவோ சரிதான், முடிக்கு அவ்வளவு பலம் ஆகாது. இப்போது பின்தலை அவருக்கு, முன்தலை எனக்கு. ஐந்து மணி நேரம் மூன்றரையாகிவிட்டது. வெந்தயம் ஊறப்போட மட்டும் இன்னும் நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

மிச்சமான நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் போன ஞாயிறு சும்மா உட்கார்ந்திருந்தேன். மகள் என் கொண்டை ஊசியை உருவினாள். பல வருடமாக அதை அவசரத்துக்குச் சுருட்டிச் செருகியதோடு சரி. “கீழ உக்காரும்மா” என்றாள். உட்கார்ந்தேன். என் பின்தலையை அதற்குமுன் அம்மாவைத் தவிர யாரும் தொட்டதில்லை. வலிக்குமென்று தோளை இறுக்கிக்கொண்டேன், வலிக்கவில்லை. எட்டு மணிக்கு முடித்துவிட்டுக் குனிந்து முகர்ந்தாள்.

“என்னடி வாசனை?”

“வெந்தயம்” என்றாள்.